மெட்டுப் போடும் பிள்ளைகள்: சங்கீத வகுப்பில் இயற்றல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் முப்பது வருடத்துக்குக் கிட்ட சங்கீத ரீச்சராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் கேள்விகள் ஓயவில்லை. புதிதாக நியமனம் கிடைத்த ஆசிரியர்கள் வீட்டுக்கு வந்து கேட்கிறார்கள், பெற்றோர் சந்தையில் மரக்கறிக் கடைக்கு முன்னால் மறித்துக் கேட்கிறார்கள். ஆள்தான் மாறும், கேள்வி மாறாது. பிள்ளைகள் பாடுவதோடு நிற்காமல் தாங்களாகவே மெட்டுப் போடவும் வேண்டும் என்று நான் சொல்லித் திரிந்ததால் வந்த வினை இது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாததால் மேலிருந்து வாசித்தால் நல்லது.

"இயற்றல் என்றால் என்ன ரீச்சர்? பிள்ளை பாட்டு எழுத வேணுமா?"

எழுத வேண்டியதில்லை. ஸ்வரம், தாளம், சொல் என்று மூன்று இருக்கிறது. மூன்றில் ஏதாவது ஒன்றைப் பிள்ளை தானே தேர்ந்து அடுக்கினால் போதும். சொல்லில்லாமல் நான்கு ஸ்வரம் அடுக்கினாலும் இயற்றல்தான். ஸ்வரமே இல்லாமல் கைதட்டி ஒரு தாளக்கட்டு அமைத்தாலும் இயற்றல்தான்.

எனக்கு ஒரே ஒரு அளவுகோல் உண்டு. பிள்ளை ஒன்றைப் பாடிக் காட்டியதும் "இன்னொருதரம் பாடு" என்பேன். இரண்டாம் தரமும் அதே மாதிரி வந்தால் அது மெட்டு. வேறு மாதிரி வந்தால் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தேடுவதில் குற்றமில்லை, அது இல்லாமல் மெட்டும் இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கீழே பல இடங்களில் "இரண்டாம் தரம்" என்று வரும்போது இதைத்தான் சொல்கிறேன்.

"சரளி வரிசையே ஒழுங்கா வராத பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?"

இந்தக் கேள்வி கேட்காத ஆசிரியரை நான் சந்தித்ததில்லை. நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் முதல் பயிற்சியான சரளி வரிசையும் ஒருவர் அடுக்கிய அடுக்குத்தானே! புரந்தரதாசர் பாடமுறையை ஒழுங்கு செய்தார் என்று படிக்கிறோம். ஏறும் வரிசையை எங்கே மடக்குவது, எந்த ஸ்வரத்தில் நின்று திரும்புவது என்று யாரோ யோசித்துத்தான் ஒவ்வொரு வரிசையும் வந்தது. பிள்ளைக்கு அந்த யோசனையைக் காட்டாமல் வாய்ப்பாடு மாதிரி ஒப்புவிக்கச் சொல்வதால்தான் பாதிப் பேருக்குச் சலிப்பு வருகிறது.

ஒன்று செய்து பாருங்கள். ஸ்வரங்கள் இரட்டையாக வரும் ஜண்டை வரிசையில் ஒன்றை எடுத்து, கடைசி நான்கு ஸ்வரத்தை மட்டும் அழித்துவிட்டு, "இதை நீ முடி" என்று சொல்லுங்கள். முடிப்பதற்கு முன்னால் வருகிற பகுதியை அது பத்துத் தரமாவது தானே பாடிப் பார்க்கும். நீங்கள் பத்துத் தரம் பாடச் சொல்லியிருந்தால் இரண்டாம் தரமே ஜன்னலுக்கு வெளியே பார்த்திருக்கும்.

"இது மரபுக்கு விரோதமில்லையா? தியாகராஜரும் தீட்சிதரும் செய்ததைத் தரம் ஏழுப் பிள்ளை செய்யலாமா?"

கர்நாடக சங்கீதத்துக்குள்ளேயே கல்பித சங்கீதம், மனோதர்ம சங்கீதம் என்று இரண்டு உண்டு. முதலாவது முன்கூட்டியே அமைத்தது. இரண்டாவது மேடையில் அப்போதே பிறப்பது: ஆலாபனை, நிரவல், கற்பனாஸ்வரம். சொந்தமாக ஒன்றை உண்டாக்குவதைக் கச்சேரியின் உச்சியில் வைத்திருக்கிற ஒரு மரபு, பிள்ளை உண்டாக்குவதை மட்டும் எப்படி வெறுக்கும்? நாம்தான் பத்து வருடம் கல்பிதத்தை மட்டும் ஊட்டிவிட்டு, பதினோராம் வருடம் "ஏன் கற்பனாஸ்வரம் வருதில்லை?" என்று ஏசுகிறோம்.

இன்னொன்று, எங்கள் ஊர்க்காரருக்கு. கோணேசர் மேல் சம்பந்தர் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. பண் புறநீர்மை, இப்போது பூபாளத்தில் பாடுகிறோம். சம்பந்தர் மூன்று வயதில் பாடத் தொடங்கிப் பதினாறு வயதில் இறைவனோடு கலந்தார் என்பது மரபு. பள்ளிக்கூடக் கணக்கில் பார்த்தால் அவர் பாடியதெல்லாம் ஓ எல் என்கிற சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னால் பாடியது. அவரோடு நம் பிள்ளைகளை ஒப்பிடவில்லை. ஆனால் வயதைக் காரணம் காட்டி மறிக்கிறவர்கள், கோணேசர் கோயில் இருக்கிற நம் சுவாமி மலையில் நின்றுகொண்டு அதைச் சொல்லக் கூடாது.

"எந்த ராகத்தில தொடங்குறது? மாயாமாளவகௌளைதானே?"

பயிற்சிக்கு மாயாமாளவகௌளை. மெட்டுப் போட மோகனம். பதினைந்தாவது மேளமான, அதாவது தாய்ராகமான, மாயாமாளவகௌளையின் இரண்டு பாதியும் ஒரே அமைப்பு. ச–ரி நெருக்கம், ரி–க அகலம், ப–த நெருக்கம், த–நி அகலம். குரலுக்கும் காதுக்கும் அது நல்ல உடற்பயிற்சி. ஆனால் தானாகத் தேடுகிற பிள்ளை அந்த நெருக்கமான இடங்களில் சறுக்கும், சறுக்கியதும் "எனக்கு வராது" என்று உட்கார்ந்துவிடும்.

மோகனத்தில் ச ரி க ப த என்று ஐந்தே ஸ்வரம், இரண்டு ஸ்வரம் நெருங்கி நிற்கிற இடமே கிடையாது. எதற்குப் பிறகு எதைப் பாடினாலும் காதைக் குத்தாது. ஜேர்மனியில் கார்ல் ஓர்ஃப் 1920களில் தொடங்கிய கற்பித்தல் முறையிலும் இதே வித்தைதான். பிள்ளைகள் தட்டும் வாத்தியத்தில் கட்டைகளைக் கழற்றலாம். நம் கணக்கில் சொன்னால் 'ம', 'நி' கட்டைகளைக் கழற்றி வைத்துவிட்டு, மிச்சத்தில் என்ன வேண்டுமானாலும் அடி என்று விட்டுவிடுவார்கள். எந்தக் கட்டையை அடித்தாலும் பொருந்தும்.

"சரி, முதல் நாள் என்னதான் செய்யிறது? ஒரு பாடவேளை நாற்பது நிமிஷம்தான்."

ஊர்ப்பெயரில் தொடங்குங்கள். நான் வருடக்கணக்காகச் செய்தது இதுதான். "நீ எந்த ஊர்?" என்று கேட்டு ஒவ்வொன்றாகப் பலகையில் எழுதுவேன். தமிழ்ப் பாடத்தில் குறில், நெடில் படித்திருப்பார்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்று வந்தால் இரண்டு. மூ–தூர், நான்கு. கிண்–ணி–யா, ஐந்து. நி–லா–வெ–ளி, ஐந்து. குச்–ச–வெ–ளி, அதுவும் ஐந்து. சாம்–பல்–தீ–வு, ஏழு. தம்–ப–ல–கா–மம், எட்டு. திருகோணமலைக்கு ஏழா எட்டா என்று ஒவ்வொரு வருடமும் சண்டை வரும். 'லை'யைச் சற்று நீட்டினால் எட்டு. பாட்டில் நீட்டலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவேன். இதற்குப் பத்து நிமிடம்.

அடுத்தது கணக்கு. ஆதி தாளத்தின் ஒரு ஆவர்த்தனத்தில், அதாவது ஒரு சுற்றில், எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு மாத்திரை. ஆக அரை ஆவர்த்தனத்துக்குப் பதினாறு. "ஊர்ப்பெயர்களைச் சேர்த்துப் பதினாறு கொண்டு வா." தம்பலகாமம் மூதூர் மூதூர், சரி. ஒருதரம் பின்வாங்கில் இருந்த ஒரு பையன் எழும்பி "கிண்ணியா நிலாவெளி குச்சவெளி, பிறகு ஒரு மூச்சு" என்றான். மூன்று ஐந்து, ஒரு மாத்திரை இடைவெளி. மௌனத்தையும் எண்ணலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

மிச்ச நேரம் அந்தப் பதினாறுக்கு மோகனத்தில் ஸ்வரம். 'ச'வில் முடிய வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. "தம்பலகாமம் மூதூர் மூதூர்" என்பதற்கு ஒரு பிள்ளை போட்டது: க , ப த ப , க , ரி , க , ரி , ச ,. காற்புள்ளி என்றால் ஒரு மாத்திரை நீட்டல். எண்ணிப் பாருங்கள், பதினாறு சரியாக வரும். ஏறி இறங்குகிற வடிவம், இரண்டாவது மூதூரும் முதலாவது மாதிரி 'ரி'யில் தொடங்கி, ஏறாமல் இறங்கி வீட்டுக்கு வருகிறது. பாடியதும் "இன்னொருதரம்". அப்படியே வந்தது. மணி அடித்துவிட்டது.

"எனக்கே மெட்டுப் போட வராது. நான் எப்படிச் சொல்லிக் குடுக்கிறது?"

நீங்கள் போட வேண்டாம். கேள்வி கேட்டால் போதும். "எந்த இடம் உனக்குப் பிடிச்சது?" "எங்கே முடிஞ்ச மாதிரி இருந்தது?" "இந்த ஒரு ஸ்வரத்தை மாத்தினா என்ன ஆகும்?" இந்த மூன்றும் வாயில் வந்துவிட்டால் வகுப்பு ஓடும். சும்மா சொல்லவில்லை, நன்றாக மெட்டுப் போடத் தெரிந்த ஆசிரியர்தான் இதில் அதிகம் சிரமப்படுகிறார். பிள்ளை தேடுவதற்குள் அவர் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவார்.

"எதைச் சொன்னாலும் சினிமாப் பாட்டுத்தான் வருது. என்ன செய்யிறது?"

வரட்டும். காதில் இருப்பதுதானே வாயில் வரும். கையைப் பிடித்துத் தடுக்காமல், "நல்லது, இதில ஒன்றை மாத்து" என்று சொல்லுங்கள். தாளத்தை மாற்றலாம், நான்கில் இருப்பதை மூன்றாக்கலாம். கடைசி வரியை மட்டும் வேறு வழியால் இறக்கலாம். மூன்று மாற்றம் செய்தபிறகு மூலப்பாட்டு எங்கே போனது என்று பிள்ளைக்கே தெரியாது.

வேறு சொல் போட்டு அதே மெட்டில் பாடுவது மட்டும் என் கணக்கில் சேராது. அது சொல் இயற்றல், தமிழ் ரீச்சர் புள்ளி போடட்டும்.

"சுருதிப்பெட்டி ஒண்டுதான், அதுவும் பழுது. வாத்தியமும் இல்லை."

சுருதிக்குப் போனில் தம்பூராச் செயலி இருக்கிறது, இலவசமாகவே கிடைக்கும். மேசை இருக்கிறது, சிரட்டை இருக்கிறது, தண்ணீர்ப் போத்தலில் பயறு போட்டால் கிலுக்கு.

வாத்தியமே தேவைப்படாத ஒரு வேலையும் உண்டு. கனடாவில் முரே ஷேஃபர் என்ற இசையமைப்பாளர் 1960களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு செய்தது. பிள்ளைகளை வெளியில் கூட்டிக்கொண்டு போய்ப் பேசாமல் நிற்க வைத்து, கேட்கிற சத்தத்தையெல்லாம் எழுதச் சொல்வது. நான் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். ஐந்து நிமிடத்துக்கு வாய் திறக்கக் கூடாது. அலை, காகம், ஐஸ் பெட்டி மூடுகிற சத்தம், எங்கோ வெல்டிங், மோட்டர் படகு ஒன்று கிட்ட வந்து தூரப் போனது. திரும்பி வந்து அதே வரிசையில் வாயாலும் கையாலும் செய்தார்கள். படகு கிட்ட வருவதை எப்படிக் காட்டுவது என்று அரைமணி நேரம் விவாதம். மெல்லத் தொடங்கி உரப்பது, பிறகு மெலிவது என்பதை நான் எந்தப் பாடத்திலும் அதைவிட நன்றாகக் கற்பித்ததில்லை.

"அம்பாப் பாட்டு, கும்மி, தாலாட்டு எல்லாம் எடுக்கலாமா? சாஸ்திரீய சங்கீதத்துக்குள்ள நாட்டுப்பாட்டைக் கலக்கிறதா என்று கேட்பினம்."

கேட்கட்டும். கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாவின் அமைப்பைப் பாருங்கள். முன்னால் ஒருவர் வரி எடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ என்று ஒரே பதிலைச் சொல்லி இழுப்பார்கள். பதில் மாறாது. எடுப்பவர் வரியை அன்றைக்குக் கண்டதற்கு ஏற்ப மாற்றிக்கொண்டே போவார். காற்று, மீன், சம்மாட்டி என்கிற வலை முதலாளி, பசி, எதுவும் உள்ளே வரும். கூச்சப்படுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல சட்டகம் கிடையாது. ஐந்து பேர் பதிலைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், ஒரு பிள்ளை நடுவில் ஒரே ஒரு வரி சொன்னால் போதும், தடுக்கினாலும் மற்றவர்கள் தூக்கிவிடுவார்கள்.

இப்போது பல இடங்களில் ட்ரக்டரில் வின்ச் பூட்டி வலை இழுக்கிறார்கள். இயந்திரத்துக்குப் பாட்டுத் தேவையில்லை. அதனால் அம்பாவைப் பிள்ளைகள் கடற்கரையில் கேட்கிற வாய்ப்புக் குறைந்துவிட்டது. கடற்கரையோரப் பாடசாலை என்றால், "அப்பப்பாவிட்ட கேட்டு ரெண்டு வரி கொண்டு வா" என்று வீட்டுவேலை கொடுங்கள். ஒருமுறை ஒரு முதியவர் பேத்தியோடு வகுப்புக்கே வந்துவிட்டார். அவர் பாடியதில் பாதியைத் தரம் எட்டுக்கு முன்னால் பாட முடியாது என்பது வேறு கதை.

கிழக்கில் முஸ்லிம் மக்களிடையே நான்கடிக் கவி பாடுகிற வழக்கம் உண்டு. ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்லுகிற மாதிரி வரும். கேள்வி–பதில் மெட்டுக்கு அது நல்ல மாதிரி. முதல் இரண்டடி 'ப'வில் தொங்கி நிற்கட்டும், அடுத்த இரண்டடி 'ச'வுக்கு வந்து இறங்கட்டும். பல்லவி, அனுபல்லவி பற்றிய விளக்கத்தைப் பிறகு கொடுத்தால் தானாக ஒட்டிக்கொள்ளும்.

"போட்ட மெட்டை எழுதி வைக்க வேணுமா? ஸ்வரம் எழுதத் தெரியாதே."

முதலில் போனில் பதிவு. பிறகு சதுரக்கோட்டுக் கொப்பி. ஒரு கட்டம் ஒரு மாத்திரை, நீட்டினால் அடுத்த கட்டத்தில் ஒரு காற்புள்ளி. மேலே சொன்ன தம்பலகாமத்தை அப்படித்தான் எழுதினோம். பதினாறு கட்டத்துக்குள் அடங்காவிட்டால் எங்கோ பிழை என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும், நீங்கள் சிவப்புப் பேனை எடுக்கத் தேவையில்லை.

"குழுவா, தனியவா?"

நான்கு பேர். ஐந்தாவது ஆள் சேர்ந்தால் அவர் வேடிக்கை பார்ப்பார்.

"மிருதங்கம் பழகிற பொடியன்கள் பாட மாட்டாங்கள். அவங்களுக்கு என்ன குடுக்கிறது?"

தீர்மானம் கட்டச் சொல்லுங்கள். ஒரே சொற்கட்டு மூன்று தரம், நடுவில் இரண்டு சமமான இடைவெளி, முடிந்ததும் சமத்தில், அதாவது அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் தட்டில், விழ வேண்டும். ஆதி தாளத்தில் ஐந்தாவது அட்சரத்தில், அதாவது முதல் திருதத்தின் தட்டில் தொடங்கினால் கையில் பதினாறு மாத்திரை. தகதிமி, இரண்டு இடைவெளி, தகதிமி, இரண்டு இடைவெளி, தகதிமி. நான்கு இரண்டு நான்கு இரண்டு நான்கு. அடுத்த தாம் சமத்தில்.

இப்போது முழு ஆவர்த்தனம், முப்பத்திரண்டைக் கொடுங்கள். சொற்கட்டு பத்து என்றால் இடைவெளி ஒன்று, எட்டு என்றால் நான்கு, ஆறு என்றால் ஏழு. ஒற்றைப்படைச் சொற்கட்டு ஏன் ஒன்றும் அமையவில்லை என்று கேட்டுவிட்டு வெளியே போய்விடுங்கள். திரும்பி வரும்போது கணித சேரைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

"இதுக்கெல்லாம் புள்ளி எப்படிப் போடுறது? 'நல்லாயிருக்கு' எண்டதுக்கு எத்தனை?"

'நல்லாயிருக்கு'க்குப் புள்ளி போடாதீர்கள். அது உங்கள் ரசனை, பிள்ளையின் வேலை அல்ல. பத்துக்கு நான் போட்ட முறை இது. இரண்டாம் தரமும் அப்படியே வந்தால் நான்கு. கொடுத்த நிபந்தனைக்குள் நின்றால், அதாவது ராகமும் மாத்திரைக் கணக்கும் சரியென்றால், மூன்று. எதையாவது மாற்றிப் பார்த்து, ஏன் மாற்றினேன் என்று சொல்ல முடிந்தால் மூன்று. "முதல்ல 'ப'வில முடிச்சன், ஆனா இன்னும் பாட்டு இருக்கு மாதிரி இருந்தது" என்று ஒரு பிள்ளை சொன்னால் முழு மூன்றும் கொடுத்துவிடுவேன்.

படைப்பை மதிப்பிடவே முடியாது என்று வாதாடுகிறவர்களுக்கு ஒரு தகவல். இங்கிலாந்தில் 1988 முதல் நடக்கிற இடைநிலைப் பொதுப் பரீட்சையில் வாசித்தல், கேட்டல் ஆகியவற்றோடு இயற்றலும் சங்கீதப் பாடத்தின் ஒரு கூறு. எல்லாப் பிள்ளையும் சொந்தமாக ஒன்றைச் செய்து கொடுத்தே ஆக வேண்டும். அங்கேயும் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் முடியாது என்று யாரும் சொல்வதில்லை.

"ஓ எல் பரீட்சைக்கு உதவாததில நேரத்தை வீணாக்கிறதா என்று அதிபர் கேட்கிறார்."

நியாயமான கேள்வி. தரம் பதினொன்றில் செயன்முறைப் பரீட்சை நெருங்கும்போது நானும் இயற்றலை மூட்டை கட்டி வைத்துவிடுவேன், பொய் சொல்ல மாட்டேன். இதற்கான காலம் தரம் ஆறிலிருந்து ஒன்பது வரை. வாரத்தில் ஒரு பாடவேளையின் பாதி போதும்.

அதிபருக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டுமென்றால், ராக லட்சணம். "மோகனம், ஔடவ ராகம்" என்று மனப்பாடம் செய்த பிள்ளை பரீட்சைக்கு அடுத்த கிழமை மறந்துவிடும். மோகனத்துக்குள் நின்று மூன்று மெட்டுப் போட்ட பிள்ளை, அதில் 'ம' இல்லை என்பதைத் தொண்டையில் வைத்திருக்கும்.

"மெட்டில ராகத்துக்கு வெளிய ஒரு ஸ்வரம் வந்திட்டுது. திருத்திறதா, விடுறதா?"

திருத்த வேண்டாம், விடவும் வேண்டாம். "இன்னொருதரம்." இரண்டாம் தரம் அந்த ஸ்வரம் வராவிட்டால் அது சறுக்கல், பேச்சை விடுங்கள். மறுபடி அதே இடத்தில் வந்தால் பிள்ளையின் காது அதைக் கேட்கிறது. அப்போது பாடம் தொடங்குகிறது.

தரம் ஒன்பதில் ஒரு பிள்ளை மோகனத்தில் ஏறினாள், இறங்கும்போது 'நி'யும் 'ம'வும் வந்தன. ஒவ்வொரு தரமும் வந்தன. ஏறுகையில் ச ரி க ப த ச, இறங்குகையில் ச நி த ப ம க ரி ச. "பிள்ளை, நீ பிலஹரிக்குள்ள போயிட்டாய்" என்றேன். அவள் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டும், ஏதோ அந்த ராகத்துக்கு அவள்தான் பெயர் வைத்த மாதிரி! பிழை என்று சொல்லியிருந்தால் அந்த ராகம் அவளுக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகவே இருந்திருக்கும்.

இன்னொரு வகை, முடிவு இடறுவது. பிள்ளை 'ச'வில் முடிக்காமல் 'ரி'யிலேயே திரும்பத் திரும்ப முடிக்கிறது, அதையே வீடாக நினைக்கிறது. அந்த 'ரி'யை 'ச'வாக வைத்துப் பாருங்கள், மத்தியமாவதி. 'க'வை வைத்தால் ஹிந்தோளம், 'ப'வை வைத்தால் சுத்த சாவேரி, 'த'வை வைத்தால் சுத்த தன்யாசி. கிரகபேதம் என்று உயர்தரத்தில் படிக்கிற விஷயம் ஒரு தரம் ஏழுப் பிள்ளையின் 'பிழை'க்குள் உட்கார்ந்திருக்கும். பெயர்களை அப்போதே சொல்ல வேண்டியதில்லை. "வீட்டை மாத்திட்டாய்" என்றால் போதும்.

"பிள்ளையின்ர மெட்டைக் கொஞ்சம் செதுக்கிவிட்டா என்ன?"

நான் செதுக்கியிருக்கிறேன். பரிசளிப்பு விழாவுக்காகத் தரம் எட்டுப் பிள்ளை ஒருத்தியின் மழைப்பாட்டில் நடுவரி தட்டையாக இருக்கிறது என்று இரண்டு சங்கதி, அதாவது அந்த வரியையே மாற்றிப் பாடுகிற வடிவம், சேர்த்தேன். ஒத்திகையில் பாடினாள். விழாவன்று அந்த வரி வந்ததும் நின்றுவிட்டாள், மறந்து போயிற்று. மேடையில் பத்து விநாடி மௌனம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்று தெரிந்தது. பிறகு தன்னுடைய பழைய தட்டையான வரியைப் பாடி முடித்தாள். இறங்கி வந்து "சொறி ரீச்சர், உங்கட வரி வரேல்ல" என்றாள். 'உங்கட வரி'. என் அளவுகோலிலேயே நான் தோற்றேன். இரண்டாம் தரம் வந்தது அவளுடையதுதான்.

"பிள்ளை போட்ட பாட்டு யாருக்குச் சொந்தம்? பாடசாலைக்கா?"

பிள்ளைக்கு. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படைத்தவருக்கே பதிப்புரிமை. எங்கும் பதிய வேண்டியதில்லை, வயது குறைவு என்று உரிமை குறைவதுமில்லை. ஆயுட்காலமும் அதன்பின் 70 வருடமும் அது நிற்கும். நிகழ்ச்சி நிரலில் "மெட்டு" என்று போட்டு எதிரே பிள்ளையின் பெயரை அச்சடியுங்கள். நான்கு பேர் செய்தால் நான்கு பெயரும் வரட்டும். "நெறியாள்கை" என்று உங்கள் பெயர் கீழே இருந்தால் போதும், எழுத்து கொஞ்சம் சின்னதாக.

"தமிழ்மொழித் தினப் போட்டிக்கு இதைப் பாடவிடலாமா?"

அந்தந்த வருடச் சுற்றறிக்கையில் விதி என்ன என்று பாருங்கள். என் விருப்பம் வேறு. போட்டிக்குப் போனால் நடுவருக்குப் பிடிக்குமா என்ற பயம் மெட்டுக்குள் வந்துவிடும். வாணி விழா, ஒளி விழா, காலைக் கூட்டம், இவை நல்ல மேடைகள்.

"தமிழ், முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிற வகுப்பில எந்தப் பாட்டைக் குடுக்கிறது?"

பாட்டைக் கொடுக்காதீர்கள், பொருளைக் கொடுங்கள். மழை, பஸ், கடல், இடைவேளை மணி. சொல்லைப் பிள்ளைகளே கொண்டு வரட்டும். ஒரு குடும்பம் வாத்தியம் வேண்டாம் என்றால் குரலும் கைதட்டும் போதும், அதையும் வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளை சொல் எழுதட்டும். வற்புறுத்தி எதையும் சாதித்ததில்லை. ஊர்ப்பெயர் விளையாட்டில் மட்டும் இதுவரை யாரும் விலகி நின்றதில்லை.

"இப்ப போன்ல ஒரு வரி அடிச்சா செயற்கை நுண்ணறிவு முழுப்பாட்டே செய்து தருது. இனி எதுக்கு இது?"

ஒரு பையன் அப்படி ஒன்றைக் கொண்டு வந்து "நான் செய்தது" என்று போட்டுக் காட்டினான். வாத்தியமெல்லாம் முழங்க, நன்றாகவே இருந்தது. "நல்லாயிருக்கு. இப்ப நீ பாடு" என்றேன். சிரித்தான். "சரி, இதில ஒரு ஸ்வரத்தை மாத்தித் தா" என்றேன். எந்த ஸ்வரம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. திட்டவில்லை. அதில் அவனுக்குப் பிடித்த ஒரு வரியை மட்டும் காதால் கேட்டு, கட்டம் போட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். இரண்டு கிழமை எடுத்தான். எழுதி முடிப்பதற்குள் அந்த வரியில் மூன்று இடம் மாறியிருந்தது.

"குரல் உடைஞ்ச பொடியன் ஒருத்தன் வாயே திறக்கிறானில்லை. அவனை விட்டிடுறதா?"

பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் இறங்கும்போது பழைய சுருதியில் பாட முடியாது. பாடினால் கீறும், பக்கத்து வாங்கு சிரிக்கும். அதுதான் வாய் திறக்காத காரணம், சங்கீதம் வராததல்ல. அவனுக்கென்று சுருதியை இறக்கி, வசதியாக வருகிற மூன்றே ஸ்வரத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த மூன்றுக்குள் ஒரு மெட்டு. மூன்று ஸ்வரத்தில் எத்தனையோ தாலாட்டு ஓடுகிறது.

அதுவும் வேண்டாம் என்றால் தாளம் போடட்டும், எண்ணட்டும். "ஒரு மூச்சு" என்று சொன்னானே, பின்வாங்குப் பையன், அவனும் அந்த வருடம் முழுக்க ஒரு வரி பாடவில்லை. எல்லாரும் பாடி முடிக்கிற இடத்தில் அந்த ஒரு மாத்திரைக்கு மட்டும் விரலைத் தூக்கிக் காட்டுவான்.